புதிதாக ஒருவர் ஆலயத்துக்கு வந்தால்: வாசலில் நிற்பவர்களுக்கும் பக்கத்தில் உட்காருபவர்களுக்கும்

விசாரிப்பு என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. உடம்புக்கு முடியாமல் படுத்திருப்பவரைப் போய்ப் பார்த்து நலம் விசாரிப்பதும் விசாரிப்புதான், ஸ்டேஷனில் உட்கார வைத்து ஊர் பேர் கேட்பதும் விசாரிப்புதான். நம் சபைகளுக்குப் புதிதாக வருகிறவர்களை முதல் வகையில் விசாரிப்பதாக நினைத்துக்கொண்டு பல நேரம் இரண்டாவது வகையில் விசாரித்து அனுப்பிவிடுகிறோம்.

நான் கல்யாணமாகி சாத்தூர்ப் பக்கத்திலிருந்து மதுரைக்கு வந்த புதிதில் எனக்கு நடந்தது இது. வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்ததால் தனியாகவே ஒரு ஆலயத்துக்குப் போனேன். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரியவர் சிரித்த முகமாகத்தான் வந்தார், "எந்த ஊரும்மா, அப்பா பேரு என்ன, அங்க எந்தத் தெரு" என்று வரிசையாகக் கேட்டார், எந்தத் தெரு என்பதற்குப் பதில் சொன்னதும் "சரி சரி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அதற்கப்புறம் அந்த ஆலயத்துக்கு ஏழு மாதம் போனேன். ஒருவரும் வந்து பேசவில்லை. பிறகு வீடு மாறினோம், வேறொரு ஆலயம். அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. பாட்டு எண் அறிவித்ததும் தன் புத்தகத்தைத் திறந்து என் மடியில் வைத்து, எந்த வரி என்று விரலால் காட்டினார். முடிந்ததும், "அடுத்த வாரம் முதல் ஞாயிறு, திருவிருந்து இருக்கும், முடிய நேரமாகும், வீட்ல சமைச்சு வச்சிட்டு வந்துரும்மா" என்றார். அடுத்த வாரமும் என்னை எதிர்பார்க்கிறார் என்பது அந்த ஒரு பேச்சிலேயே தெரிந்துவிட்டது. இன்றுவரை எனக்கு அதுதான் சபை. பதினோரு வருஷமாக ஞாயிறு காலையில் அதே ஆலய வாசலில் நிற்கிறேன், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் சார்பாக.

முதல் ஆலயத்தில் என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைத்தார்கள், இரண்டாவது ஆலயத்தில் எனக்குத் தெரியாததைச் சொல்லிக் கொடுத்தார்கள். வாசலில் நிற்க வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வதும் இதை வைத்துத்தான்: புதியவரிடம் கேட்பதைக் குறையுங்கள், அவருக்குச் சொல்வதைக் கூட்டுங்கள். கீழே எழுதுவது எல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றித்தான். சி.எஸ்.ஐ. சபையை, அதாவது தென்னிந்தியத் திருச்சபையை, மனதில் வைத்து எழுதுகிறேன். கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் பெந்தெகொஸ்தே சபையாரும் தங்கள் வழக்கத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

மதுரையில் யார் வருகிறார்கள்

முதலில் இதைக் கவனியுங்கள், ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே வரவேற்பு பொருந்தாது.

மதுரை ஆஸ்பத்திரி ஊர். கோரிப்பாளையத்தில் அரசு ராஜாஜி மருத்துவமனை, கீழவெளி வீதியில் மிஷன் ஆஸ்பத்திரி, அண்ணா நகரில் அரவிந்த் கண் மருத்துவமனை, இவை போகத் தனியார் ஆஸ்பத்திரிகள் எத்தனையோ. இராமநாதபுரம், சிவகங்கை, தேனி, விருதுநகர் என்று சுற்றியுள்ள எல்லா மாவட்டத்திலிருந்தும் நோயாளியோடு ஆள் வந்து இங்கே தங்குகிறார்கள். ஞாயிறு காலையில் கசங்கிய சேலையோடு, கையில் ஒயர் கூடையோ பிளாஸ்கோ வைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாதியிலேயே எழுந்து போகிற ஒருவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாதியில் போவது மரியாதைக் குறைவு என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்துக்கு வார்டில் இருக்க வேண்டும், அல்லது மாற்றி இருக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். இவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "யாருக்கு முடியல? நான் வந்து பார்க்கலாமா?" வரலாம் என்றால் வார்டு எண்ணை வாங்கிக்கொண்டு அன்று சாயங்காலமே போங்கள், அடுத்த வாரம் என்று தள்ளிப் போட்டால் அவர்கள் டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்குப் போயிருப்பார்கள், அல்லது நடக்கக் கூடாதது நடந்திருக்கும். போகும்போது பழம் வாங்கிப் போவதைவிட, கூட இருப்பவருக்குச் சூடாக ஒரு வேளைச் சாப்பாடு கொண்டு போவது பெரிய காரியம். பழம் நோயாளிக்கு வந்துகொண்டேதான் இருக்கும். கூட இருப்பவர் மூன்று நாளாக டீயும் பன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அவர் குளிக்கவும் துணி துவைக்கவும் உங்கள் வீடு பக்கத்தில் இருந்தால் சொல்லுங்கள். வார்டில் ஜெபம் செய்தால் மெதுவாக, சுருக்கமாக. பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் நோயாளிதான்.

அடுத்தது மாணவர்கள். அமெரிக்கன் கல்லூரி 1881-லும் லேடி டோக் கல்லூரி 1948-லும் தொடங்கியவை. அன்றிலிருந்து நாகர்கோவில், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பிள்ளைகள் மதுரை ஹாஸ்டல்களுக்கு வந்துகொண்டேதான் இருக்கிறார்கள், இப்போது வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வருகிறார்கள். பிறகு மாற்றலாகி வரும் குடும்பங்கள்: ரயில்வே, வங்கி, 2004-ல் உயர்நீதிமன்றக் கிளை வந்தபின் அதைச் சார்ந்தவர்கள். கடைசியாக, கிறிஸ்தவர் அல்லாதவர்கள். மனசு சரியில்லை, சும்மா கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று வருகிறவர்கள். இவர்களைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

கேட்டிலிருந்து பெஞ்சு வரை

வாசலில் இரண்டு பேர் போதும், ஒருவர் கேட்டருகே, ஒருவர் கதவருகே. ஆறு பேர் வரிசையாக நின்று கை கூப்பினால் கல்யாண மண்டபம் போல ஆகிவிடும், கூச்ச சுபாவம் உள்ளவர் அதைப் பார்த்தே திரும்பிவிடுவார். கேட்டருகே நிற்பவருடைய முக்கியமான வேலை கேட்டுக்கு வெளியே பார்ப்பது. எதிர்த்த கடையோரம் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருப்பவர், பைக்கை எங்கே விடுவது என்று தெரியாமல் தள்ளிக்கொண்டே வருபவர், இவர்களிடம் நாலு அடி நடந்து போய், "வாங்க, உள்ள நிறுத்திக்கலாம், இன்னும் ஆரம்பிக்கல" என்று சொல்ல வேண்டும். அந்த நாலு அடியை நாம் நடக்காததால் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது, ஆனால் திரும்பி நடந்த சில முதுகுகளை நானே பார்த்திருக்கிறேன், இன்றைக்கும் அது உறுத்துகிறது.

"ஸ்தோத்திரம்" என்று நம் ஆட்களிடம் சொல்லலாம். தெரியாத முகத்துக்கு "வணக்கம், வாங்க" போதும். ஸ்தோத்திரம் என்றால் திருப்பி என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாதவர் முதல் நிமிடத்திலேயே தான் வெளியாள் என்று உணர்ந்துவிடுவார். கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்றால் நம் மதுரைப் பேச்சில் அழகான ஒரு கேள்வி இருக்கிறது, "எங்கிட்டிருந்து வர்றீங்க?" இன்று காலையில் எங்கிருந்து பஸ் ஏறினீர்கள் என்றும் அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம், வில்லாபுரம் என்றோ ஒத்தக்கடை என்றோ சொல்லிவிட்டுப் போகலாம். வேர் வரைக்கும் யாரையும் தோண்டாது.

அப்புறம் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கள். செருப்பை வெளியே விடுவதா போட்டுக்கொண்டே வருவதா என்பது ஆலயத்துக்கு ஆலயம் மாறுகிறது, கிராமத்துச் சபைகளில் பெரும்பாலும் வெளியேதான். ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம் உட்காரும் ஆலயமாக இருந்தால், புருஷன் பெண்டாட்டியாக வந்தவர்கள் உள்ளே போய் உட்கார்ந்தபின் எழுப்பிவிடாமல் கதவருகிலேயே சொல்லிவிடுங்கள், சேர்ந்து உட்கார விரும்பினால் அதற்கும் இடம் காட்டுங்கள். தலையில் முக்காடு போடுவது நம் பெண்களுக்கு வழக்கம், வந்தவர் போடவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அதைப் பின்வரிசையிலிருந்து தட்டிச் சொல்கிற அக்காமார் எல்லாச் சபையிலும் உண்டு, அவர்களிடம் முன்கூட்டியே அன்பாகப் பேசி வையுங்கள். கழிப்பறை எங்கே, குடிதண்ணீர் எங்கே, எத்தனை மணிக்கு முடியும், இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடும். குறிப்பாக வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும்.

உட்கார இடம் ஒரு பெரிய விஷயம். நாம் எல்லோரும் வரிசை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு நடுவைக் காலியாக விடுகிறோம். பிந்தி வந்த புதியவர் நாலு முழங்காலைத் தாண்டி உள்ளே போக வேண்டியிருக்கிறது. வழக்கமாக வருகிறவர்கள் உள்ளே தள்ளி உட்கார்ந்து ஓரத்தை விடட்டும், கடைசி இரண்டு வரிசையைப் பிந்தி வருகிறவர்களுக்கும் குழந்தைக்காரர்களுக்கும் விடட்டும். "இது எங்க குடும்பம் உட்கார்ற இடம்" என்று எழுப்பிவிடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எழுந்த அந்த அம்மா மறுபடி வரவில்லை. பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் கந்தை கட்டியவனுக்குப் பாதபடியும் காட்டாதே என்று யாக்கோபு நிருபம் சொல்வது இந்த பெஞ்சைப் பற்றித்தான். காரில் வந்தவரை முன்னால் கூட்டிப் போய் உட்கார வைத்துவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்தவருக்குப் பின்னால் கை காட்டுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறதா என்று ஒரு ஞாயிறு நின்று பாருங்கள்.

ஆராதனைக்குள்ளே

இங்கே வேலை வாசலில் நிற்பவர்களுடையது இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருடையது. நமக்கு ஆராதனை முறைமை மனப்பாடம் என்பதால் அது எவ்வளவு சிக்கலானது என்று நமக்குத் தெரிவதில்லை. பலகையில் மூன்று எண் போட்டிருக்கும், அதில் எது பாமாலைப் புத்தகத்தில், எது கீர்த்தனைப் புத்தகத்தில் என்று நமக்குத் தெரியும், வந்தவர் ஒரே புத்தகத்தில் மூன்றையும் தேடிக்கொண்டிருப்பார். எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்கால் போடுவது, எப்போது எல்லோரும் சேர்ந்து சொல்வது, எல்லாம் புதிர். இது கிறிஸ்தவர் அல்லாதவருக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். 1947 செப்டம்பர் 27-ல் சி.எஸ்.ஐ. உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை என்று பல வழிகள் ஒன்றாகச் சேர்ந்தன. மதுரைப் பக்கத்துப் பழைய சபைகள் அமெரிக்க மிஷன் வழி வந்தவை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கம் ஆங்கிலிக்கன் வழி, கன்னியாகுமரிப் பக்கம் லண்டன் மிஷன் வழி. பேர் ஒன்றானாலும் பழக்கம் இன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடுகிறது. நெல்லையிலிருந்து வந்த, பிறந்ததிலிருந்தே சி.எஸ்.ஐ. ஆன ஒருவர்கூட இங்கே எந்த இடத்தில் முழங்கால் போடுவது என்று சுற்றிப் பார்ப்பார்.

அதனால் புத்தகத்தைத் திறந்து கொடுங்கள். உங்கள் புத்தகத்தையே கொடுங்கள், உங்களுக்குத்தான் மனப்பாடமாயிற்றே. பக்கம் மாறும்போது விரலால் காட்டுங்கள். வாய் திறக்கவே வேண்டாம்.

மூன்று இடத்தில் மட்டும் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொன்னால் நல்லது. ஒன்று, சமாதானம் கொடுக்கும் நேரம். நம் முறையில் வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கையைச் சேர்த்து, இருவரும் தங்கள் இடது கையால் மற்றவர் கையை மூடுவது வழக்கம். புதியவருக்கு அது கைகுலுக்கலா என்ன என்று புரியாது, ஆண் பெண் பழக்கத்தில் சங்கடமும் வரலாம். "இப்ப சமாதானம் சொல்லுவோம், கும்பிட்டாலும் போதும்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டு, காணிக்கைப் பை. அது வரிசை வரிசையாக நெருங்கி வரும்போது பர்ஸைத் துழாவி ஐந்நூறு ரூபாய் நோட்டு மட்டும் இருப்பதைப் பார்த்துத் தவிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அறிவிப்பிலேயே "புதிதாக வந்திருப்பவர்கள் காணிக்கை போட வேண்டிய கட்டாயம் இல்லை" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள், பையை நீட்டுகிறவரும் புதியவர் முன்னால் நிறுத்தாமல் நகர்ந்து போகட்டும். மூன்றாவது திருவிருந்து, அப்பமும் திராட்சை ரசமும் பெறுகிற நேரம். ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் (கன்ஃபர்மேஷன்) பெற்றவர்கள்தான் எடுப்பார்கள் என்பதை, அவர் எழுந்து வரிசையில் போய் முழங்கால் போட்டபின் சொல்லக் கூடாது. அதைவிடப் பெரிய அவமானம் ஒருவருக்குக் கிடையாது. ஆயர் தொடக்கத்திலேயே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல வேண்டும். உங்கள் சபையில் ஆசீர்வாத ஜெபத்துக்கு மட்டும் முன்னே வரும் வழக்கம் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லலாம். பக்கத்தில் இருப்பவர், "நானும் கொஞ்சம் பொறுத்துத்தான் போவேன், இருங்க" என்று கூட உட்கார்ந்திருந்தால் தனியாக விடப்பட்டோம் என்று தோன்றாது.

இன்னொன்று. "இன்று புதிதாக வந்திருப்பவர்கள் எழுந்து நின்று தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளவும்" என்கிற அறிவிப்பை தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் முந்நூறு பேர் திரும்பிப் பார்க்க, மைக்கில் தன் பேரும் ஊரும் சொல்ல விரும்புகிறவர் நூற்றில் நாலு பேர் இருப்பார்களா? ஆஸ்பத்திரியிலிருந்து அழுத கண்ணோடு வந்தவர் என்ன சொல்லுவார்? வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர் என்ன செய்வார்? "புதியவர்களை அன்போடு வரவேற்கிறோம், ஆராதனை முடிந்ததும் கிழக்கு வாசலில் டீ இருக்கிறது" என்று உட்கார்ந்தபடியே இருக்கவிட்டு வரவேற்கலாம்.

கேட்கக் கூடாதவை

சொந்த ஊர் எது, எந்தத் தெரு, அப்பா பேர், தாத்தா பேர், யாருக்குச் சொந்தம். இவையெல்லாம் எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறோம் என்று நமக்குத் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும். சாதியை நேராகக் கேட்க வெட்கப்பட்டுச் சுற்றி வளைத்துக் கேட்கிறோம். சிலர் நிஜமாகவே சொந்தம் கண்டுபிடிக்கிற ஆசையில் கேட்கிறார்கள் என்பது உண்மை, ஆனால் கேட்கப்படுகிறவரால் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது, அவர் ஏற்கெனவே பல இடத்தில் சூடு பட்டவர். 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனெரிமார் மதுரைக்கு வந்து வேலை தொடங்கினார்கள். அதற்கப்புறம் சில வருஷங்களிலேயே இந்தச் சண்டை சபைக்குள் வந்துவிட்டது, சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று மிஷன் சொன்னபோது அதற்கு மறுத்து விலகிப் போனவர்கள் இருந்தார்கள். ஆகவே கிழக்கு வாசலில் நாம் கொடுக்கிற டீ சும்மா டீ இல்லை. எல்லோருக்கும் ஒரே தம்ளர், ஒரே வரிசை, ஊற்றுகிறவர்கள் முறைவைத்து எல்லாக் குடும்பத்திலிருந்தும். ஒரு வேலைக்கு ஒரே கூட்டத்து ஆட்கள் மட்டும் நிற்கிறார்களா என்று சபைக் குழு பார்த்துக்கொள்ள வேண்டும், வந்தவர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

"வீட்டுக்காரர் வரலையா?", "எத்தனை பிள்ளைங்க?", "இன்னும் கல்யாணம் ஆகலையா?" இவையும் வேண்டாம். புருஷன் இறந்தவர், விட்டுப் போனவர், பத்து வருஷமாகக் குழந்தைக்கு ஜெபிக்கிறவர், இவர்களுக்கு நம் கேள்வி ஒவ்வொரு வாரமும் ஒரே இடத்தில் குத்துகிறது. அவர்களே சொல்லும்போது கேட்டுக்கொள்வோம். சொன்னால் அது உங்களோடு நிற்கட்டும், ஜெபக் குறிப்பு என்ற பேரில் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள்.

பொட்டு வைத்து வந்தவர்

நெற்றியில் பொட்டும் தலையில் பூவுமாக ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிறோம். பார்க்காதீர்கள். பொட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. வந்த முதல் நாளே முகவரி வாங்கி வீட்டுக்குப் போய் நிற்காதீர்கள், அவர் வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம், நம் ஆர்வத்துக்கு அவர் அடி வாங்குவார். போன் நம்பர் அவராகக் கொடுத்தால் மட்டும் வாங்கி, எந்த நேரம் கூப்பிடலாம், கூப்பிடலாமா கூடாதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் நம்பரைக் கொடுப்பது அதைவிட நல்லது. அவருக்கு வேண்டுமானால் அவர் கூப்பிடுவார். வேலை வாங்கித் தருகிறோம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கித் தருகிறோம் என்று எதையும் காட்டிப் பேச வேண்டாம். அது அவருக்கும் நல்லதில்லை, சபைக்கும் நல்லதில்லை. அவர் வந்தது உட்காருவதற்கு. உட்காரட்டும். இரண்டு வருஷம் கடைசி வரிசையில் உட்கார்ந்து போய்விட்டு, மூன்றாவது வருஷம் முதல் தடவையாக என்னோடு டீ குடித்த ஒருவர் எங்கள் சபையில் இருக்கிறார். இப்போதும் பொட்டு வைத்துத்தான் வருகிறார். மழைக் காலத்தில் ஒரு ஞாயிறு அவரைக் காணவில்லை என்றால் என் கண் அந்த வரிசைக்கே போகிறது.

ஆராதனை முடிந்த பத்து நிமிடம்

இந்தப் பத்து நிமிடத்தில்தான் நாம் கோட்டை விடுகிறோம். ஆசீர்வாதம் கூறியதும் நாம் நம் கூட்டத்தைத் தேடிப் போய்விடுகிறோம், குழுக் கூட்டம், பாடகர் குழு, சீட்டுக் காசு, எல்லாம் அப்போதுதான் ஞாபகம் வரும். புதியவர் கூட்டத்துக்கு நடுவில் தனியாக நடந்து கேட்டைத் தாண்டிவிடுகிறார். எங்கள் சபையில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம்: முதல் பத்து நிமிடம் தெரியாத முகத்தோடு, அப்புறம் சொந்தக்காரர்களோடு. ஆயர் கதவருகே நின்று கை கொடுப்பது நல்லதுதான், ஆனால் அவரிடம் முன்னூறு பேர் வருகிறார்கள், அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

டீ கொடுக்கும்போது ஒரு ஆளை அறிமுகப்படுத்துங்கள், ஒரே ஒருவரை, அவர்களுக்குள் பொதுவாக ஏதாவது இருக்கிற ஒருவரை. ஹாஸ்டல் பிள்ளைக்கு அதே கல்லூரியில் படிக்கும் இன்னொரு பிள்ளை, கைக்குழந்தைக்காரிக்கு இன்னொரு கைக்குழந்தைக்காரி. ஐந்து பேரை வரிசையாக நிறுத்தி அறிமுகம் செய்தால் ஒரு பேரும் நினைவில் நிற்காது. குழந்தையை ஞாயிறு பள்ளிக்குக் கேட்டால் முதல் வாரம் அம்மாவும் கூட வந்து உட்காரட்டும், வகுப்பு எங்கே, யார் எடுக்கிறார்கள், எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று காட்டிவிட வேண்டும். எவ்வளவு தெரிந்தவரானாலும் ஒரு பெரியவர் தனியாகப் பிள்ளையைக் கூட்டிப் போகிற ஏற்பாடு வேண்டாம்.

பேரை அன்றே எழுதி வையுங்கள். என்னிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. பேர், எந்த வாரம் வந்தார், என்ன சொன்னார் என்று ஒரு வரி, அவ்வளவுதான், "தேனி, அப்பாவுக்கு ஆபரேஷன், 14-ம் தேதி" என்பது போல. இரண்டாவது வாரம் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "அப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சுதா?" என்று கேட்டால் அவர் முகத்தில் வரும் மாற்றத்தை நீங்களே பாருங்கள். மூன்றாவது வாரம்தான் உண்மையில் கஷ்டமானது. முதல் வாரம் எல்லோரும் பேசுவார்கள், இரண்டாவது வாரம் பாதிப் பேர், மூன்றாவது வாரம் அவர் பழைய ஆள் ஆகிவிட்டார் என்று நாம் நினைத்துக்கொள்வோம். அவரோ இன்னும் ஒருவருடைய பேர்கூடத் தெரியாமல் நிற்பார். நோட்டில் மூன்று டிக் விழும் வரை விடாதீர்கள்.

வாட்ஸ்அப் குழுவில் கேட்காமல் சேர்க்க வேண்டாம். ஆனால் சித்திரைத் திருவிழா மாதிரி நாட்களில் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற சமயத்தில் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் பஸ் எல்லாம் மாற்றி விடுவார்கள், மதுரைக்குப் புதியவருக்கு அது தெரியாது, வெயிலில் நடந்தே வந்து ஆராதனை முடிகிற நேரத்தில் சேருவார். அதேபோல் ஊரிலிருந்து வருகிறவர் கேட்டால் தெற்கு மாவட்ட பஸ் மாட்டுத்தாவணி, தேனி திண்டுக்கல் பஸ் ஆரப்பாளையம் என்று சொல்லிக் கொடுங்கள். இதுவும் வரவேற்பில் சேர்ந்ததுதான்.

ஹாஸ்டல் பிள்ளைகளுக்குச் சாப்பாடு

இதற்கு நீளமாக எழுதத் தேவையில்லை. ஞாயிறு மத்தியானம் உங்கள் வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கிறது, அந்தப் பிள்ளைக்கு ஹாஸ்டலில் என்ன கிடைக்குமோ. கூட்டிப் போங்கள். இரண்டு பேராகக் கூப்பிடுங்கள், தனியாக வரப் பெண் பிள்ளைகள் தயங்குவார்கள், தயங்குவது சரியும்கூட. ஹாஸ்டலுக்கு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று கேட்டு அதற்குள் கொண்டு விடுங்கள். சாப்பாட்டு மேஜையில் மார்க் எவ்வளவு என்று கேட்காதீர்கள். மிசோரம், நாகாலாந்துப் பிள்ளைகள் பலர் நம்மைவிட ஆழமான சபைப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள், அருமையாகப் பாடுவார்கள், மொழிதான் தடை. அன்றைய வேத பாடம் எந்த அதிகாரம் என்று எழுதி ஒரு சீட்டாகக் கையில் கொடுத்தால் தங்கள் போனில் தங்கள் மொழியில் திறந்து வைத்துக்கொள்வார்கள். பாடகர் குழுவுக்கு அவர்களைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

அங்கத்தினர் ஆகும்போதும் ஊருக்குப் போகும்போதும்

மாற்றலாகி வந்த குடும்பம் மூன்று நாலு மாதம் தொடர்ந்து வந்தால், பழைய சபையிலிருந்து மாறுதல் கடிதம் வாங்குவது எப்படி, யாரிடம் கொடுப்பது, சந்தா எவ்வளவு, எது கட்டாயம் எது விருப்பம் என்று ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருந்தால் கல்யாணமோ ஞானஸ்நானமோ வரும் நேரத்தில்தான் கேட்பார்கள், அப்போது "கடிதம் இல்லையே" என்று பிரச்சனை ஆகும். சந்தாப் பேச்சை முதல் வாரத்தில் எடுக்கவே கூடாது. சபைத் தேர்தல் நெருங்கும்போது புதியவரைத் தங்கள் அணிக்கு இழுக்கிற வேலையை யாரும் செய்ய வேண்டாம் என்று மனப்பூர்வமாகக் கேட்டுக்கொள்கிறேன். சபைக்கு வந்த ஒரு நல்ல குடும்பம் அந்தச் சண்டையைப் பார்த்தே வேறு இடம் போனது எனக்குத் தெரியும்.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை போன்ற நாட்களில் பக்கத்தில் நின்று விளக்கிச் சொல்லுங்கள். கிராமத்துச் சபைகளில் ஒரு தேங்காயையோ ஒரு சேவலையோ ஏலத்தில் ஏற்றிக்கொண்டே போவார்கள், எடுத்தவரே திரும்பக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வார். பார்க்கிறவருக்கு எதுவும் புரியாது. அது காணிக்கை, போட்டி இல்லை, சும்மா சிரித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம், கையை மட்டும் தூக்கிவிடாதீர்கள் என்று சொல்லி வையுங்கள். பந்தியில் பரிமாற ஆள் தேவைப்படும்போது புதியவர் கையில் ஒரு வாளியைக் கொடுங்கள். சாம்பார் வாளியோடு இரண்டு வரிசை நடந்தவருக்கு அப்புறம் அந்த ஊரில் தெரியாத முகம் இருக்காது.

சிலர் போய்விடுவார்கள். படிப்பு முடியும், மாற்றல் வரும், நோயாளி குணமாகி ஊர் திரும்புவார். போகிற ஊரில் எந்த ஆலயம் பக்கம், அங்கே ஆராதனை எத்தனை மணிக்கு என்று விசாரித்துச் சொல்லுங்கள், தெரிந்தவர் யாராவது அங்கே இருந்தால் இவர் வருகிறார் என்று ஒரு போன் போட்டு வையுங்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து போனவர்களுக்கு பத்து நாள் கழித்து ஒரு தடவை கூப்பிடுங்கள். "தையல் பிரிச்சாச்சா? கஞ்சி குடிக்கிறாங்களா?" என்று கேளுங்கள். போன மாதம் அப்படிப் பரமக்குடிக்குக் கூப்பிட்டபோது, ஆபரேஷன் ஆன அம்மாவே போனை வாங்கி, தான் இப்போது கொல்லைக் கதவு வரைக்கும் நடக்கிறேன் என்று சொன்னார். நோட்டில் அவர் பேருக்கு நேரே அதை எழுதி வைத்தேன்.